மழையும் போச்சு, தம்புராவும் போச்சு

பண்டாரவளையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டாள்: "அக்கா, நீங்க ராகப் போட்டிக்குப் பாவிக்கிற ஆப்புக்கு வருசச் சந்தா குறைஞ்சிருக்காம். எடுக்கலாமா?" போனில் சொல்லப் போனால் நீண்டுவிடும், எழுதிவிடுகிறேன்.

போட்டி பெரிய விஷயமில்லை. சனிக்கிழமை இரவு ஆப்பில் எல்லாரும் ஒரே அழைப்பில் சேருவோம். ஒருவர் கொஞ்சம் ஆலாபனை, அதாவது பாட்டு வரியில்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவார், மற்றவர்கள் ராகத்தின் பெயரை எழுத வேண்டும், முந்தியவருக்குப் புள்ளி. நடுவே மேளகர்த்தா எண், அதாவது தாய் ராகங்களின் வரிசை எண், கேட்பார்கள். தீரசங்கராபரணம் 29, மேசகல்யாணி 65 என்பதெல்லாம் யாழ்ப்பாணத்து மாமாவுக்கும் மட்டக்களப்பு டீச்சருக்கும் தண்ணி பட்ட பாடு.

நான் இருப்பது ஹட்டனுக்கு மேலே, தகரக் கூரை வீடு. மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. முந்திப் பாவித்த ஆப்பில் என் முறை வந்தாலே "மைக்கை மூடு பிள்ளை" என்பார்கள். இதில் மழைச் சத்தம் துளிகூடப் போகாது. "அங்க மழையா?" என்று மாமா நம்பாமல் கேட்பார். சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கினாலும் அழைப்பு அறுவதில்லை. இதற்காகவே கும்பிடலாம்.

கோபம் எதிலென்றால், மழையை அடக்கும் அதே வித்தைதான், பாட்டுக்குப் பின்னால் விடாமல் ஸ்ருதி கொடுக்கும் தம்புராவையும் அடக்குகிறது. ஏற்ற இறக்கமில்லாமல் தொடர்ந்து வரும் சத்தமெல்லாம் அதற்கு இரைச்சல். தம்புரா ஒலி தரும் ஸ்ருதிப் பெட்டியைப் போட்டதும் சற்று நேரம் கேட்கும், அப்புறம் தேய்ந்து காணாமல் போகும். பாடும்போது பஞ்சமத்தில் (ப) நின்று கார்வை கொடுத்தால், அதாவது சுரத்தை நீட்டிப் பிடித்தால், அதுவும் பாதியில் கரைகிறது. பேச்சுக்கு இதனால் நஷ்டமில்லை. ஆனால் ஆதாரச் சுரமான ஷட்ஜம் (ச) எது என்று காட்டுவதே தம்புராதான், அது தெரியாமல் ராகத்தை எப்படிச் சொல்வது? மோகனத்தின் அதே ஐந்து சுரங்களில் காந்தாரத்தை (க) ஷட்ஜமாக வைத்துக் கேட்டால் ஹிந்தோளம், ரிஷபத்தை (ரி) வைத்தால் மத்தியமாவதி, பஞ்சமத்தை வைத்தால் சுத்தசாவேரி. இப்படி ஷட்ஜத்தை இடம் மாற்றி வேறு ராகம் காட்டுவதுதான் கிரகபேதம், வித்துவான்கள் மேடையில் வேண்டுமென்றே காட்டுவது. இங்கே ஆப் யாரையும் கேட்காமலே காட்டுகிறது.

போன சனிக்கிழமை டீச்சர் மோகனத்தில் காந்தாரத்தைச் சுற்றிச் சுற்றிப் பாடினார். ஹிந்தோளம் என்று இரண்டு பேர் எழுதினார்கள், சுத்தசாவேரி என்று ஒருவர். "என்ன பிள்ளையள், மோகனம் தெரியேல்லையா?" என்று டீச்சர் சிரித்தார். அவருடைய அறையில் ஸ்ருதி நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

இரைச்சல் நீக்குவதை நிறுத்த செட்டிங்ஸில் வழி இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பாடுகிறவர் மட்டும் நிறுத்தினால் போதும், தம்புரா அழகாக வருகிறது. நான் நிறுத்தினால் கூடவே என் கூரையும் வருகிறது. அதைவிட எரிச்சல், அடுத்த அழைப்பில் அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று மாமாவுக்கு ஒவ்வொரு வாரமும் விளக்கி முடிப்பதற்குள் பாதிப் போட்டி போய்விடும்.

ஆகவே தங்கச்சி, விலை எவ்வளவு குறைந்தாலும் எடுக்காதே. உங்கள் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தானே. அதுவரை சும்மா கிடைக்கிற ஆப்பே போதும். என்னுடைய சந்தா அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கத்தான் போகிறேன், கூரையை மாற்ற அதைவிடச் செலவு.