முனைவர் பட்டம் முடிந்தது, கருவி கையில் இருக்கிறது: எந்தத் திட்டத்தில் சேரலாம்?

பினாங்கு யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) வளாகத்திலும் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் ஆய்வு செய்யும் நம் பிள்ளைகள் பலர் ஒரே கட்டத்தில் வந்து திகைத்து நிற்கிறார்கள். ஆய்வேடு முடிந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்த ஒன்று உண்மையிலேயே வேலை செய்கிறது. அதைப் பொருளாக்கி வெளியே கொண்டுவர ஆசை. வீட்டிலோ, "விரிவுரையாளர் வேலை கிடைச்சிருச்சா?" என்று கேட்கிறார்கள். பிடிபிடிஎன் உயர்கல்விக் கடனும் காத்திருக்கிறது.

அவர்களுக்கு இருக்கும் வழிகளைப் பெரும்பாலும் தொகையை வைத்தே ஒப்பிடுகிறோம். இது ஐம்பதாயிரம், அது ஒன்றரை லட்சம், ஆகவே அது பெரிது என்கிறோம். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு. அந்தப் பணம் கருவிக்குப் போகிறதா, கருவியைச் செய்கிறவரின் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போகிறதா?

ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொள்வோம். வேதியியலில் முனைவர். தண்ணீரில் கலந்த ஈயத்தையும் காட்மியத்தையும் சில நிமிடங்களில் காட்டும் சென்சார் ஒன்றைச் செய்திருக்கிறார். அப்பா லாரி ஓட்டுநர், தம்பி இன்னும் படிக்கிறான். எந்தத் திட்டமானாலும் அவருடைய நிலையிலிருந்து பார்க்கலாம்.

முதலில் உள்ளூர்க் கிராண்டுகள், அதாவது மானியங்கள். உயர்கல்வி அமைச்சின் பிஆர்ஜிஎஸ், அடிப்படை ஆய்வு முடிந்த பிறகு முன்மாதிரி செய்வதற்கான பணம். நல்ல திட்டம்தான். ஆனால் அது விரிவுரையாளரின் பெயரில் வரும் ஆய்வுத் திட்டம். பட்டம் முடித்து வெளியே வந்த நம் பெண்ணால் சொந்தப் பெயரில் கேட்க முடியாது. சூப்பர்வைசர் விண்ணப்பித்து, இவரை ஆய்வு உதவியாளராக வைத்துக்கொண்டால் கொஞ்ச காலம் ஓடும். எந்தத் திசையில் போவது என்று முடிவெடுக்கும் உரிமை மட்டும் இவரிடம் இருக்காது.

புதிய தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு உதவும் அரசு அமைப்பான கிரேடிலின் சிஐபி ஸ்பார்க் வேறு மாதிரி. 1,50,000 ரிங்கிட் வரை நிபந்தனையோடு தரும் கிராண்ட். உங்கள் நிறுவனத்தில் அது பங்கு கேட்பதில்லை. இன்று கிராப் என்று நாம் அழைப்பது மைடெக்சியாக இருந்த காலத்தில் கிரேடில் கைகொடுத்திருக்கிறது. ஆனால் இதற்கு நிறுவனமும் வணிகத் திட்டமும் வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் முடித்துக் காட்டினால்தான் அடுத்த தவணை வரும். ஒரு செயலி எழுதுகிறவருக்கு இது பொருந்தும், ஆறு மாதத்தில் ஏதாவது காட்டிவிடலாம். சென்சார் விஷயத்தில், மேற்பரப்பில் பூசிய வேதிப்பொருள் மூன்று மாதம் தாங்குமா என்று பார்க்கவே மூன்று மாதம் ஆகும். இடையில் வீட்டு வாடகைக்கு என்ன வழி?

இனி ஃபெல்லோஷிப்புகள், அதாவது ஆய்வாளரையே தேர்ந்தெடுத்துப் பயிற்சியோ உதவித்தொகையோ தரும் திட்டங்கள். நான் அதிகம் பேச விரும்புவது இவற்றைப் பற்றித்தான்.

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011இல் தொடங்கிய ஐ-கோர் ஏழு வாரப் பயிற்சி. ஒரு ஆய்வாளர், அவருடைய பேராசிரியர், தொழில் தெரிந்த ஒரு வழிகாட்டி என்று மூவர் குழு. 50,000 டாலர் தருவார்கள். அதைக் கொண்டு கருவியை மெருகேற்றச் சொல்லமாட்டார்கள். வாங்கக்கூடியவர்கள் நூறு பேரை நேரில் சந்தித்துப் பேசச் சொல்வார்கள்.

இது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான திட்டம், நாம் விண்ணப்பிக்க முடியாது. ஆனாலும் இதை ஒப்பீட்டில் சேர்க்கிறேன், ஏனென்றால் இதன் மையமான வேலையைப் பினாங்கின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாசில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். நம் பெண் அங்கே ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் அதிகாரியிடம் போய், "ஆய்வுக்கூடப் பரிசோதனைக்குப் பதிலாக என் சென்சாரை வாங்குவீர்களா?" என்று கேட்டால், வாங்கமாட்டோம் என்றுதான் பதில் வரும். கழிவுநீரை எந்த முறையில் பரிசோதிக்க வேண்டும் என்பதை 2009ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகளே சொல்கின்றன. சென்சார் காட்டும் எண் தொழிற்சாலை அரசுக்குக் கொடுக்கும் அறிக்கைக்கு உதவாது. சரி, அதோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. மாதிரி எடுக்கும் நாளுக்கு முன்பே குழாயில் ஏதோ தவறு என்று எச்சரிக்கும் கருவியாக அதே சென்சாரை விற்கலாம். விலை வேறு, வாங்கும் ஆள் வேறு, துல்லியமும் அந்த அளவுக்குத் தேவைப்படாது. ஆய்வேட்டின் எந்த அத்தியாயத்திலும் இது கிடைக்காது. நூறு பேரைப் பார்க்க முடியாவிட்டால் முப்பது பேரையாவது பாருங்கள். இதற்கு எந்தக் கிராண்டும் வேண்டாம்.

பிரிட்டனின் ராயல் அகாடமி ஆஃப் என்ஜினியரிங் நடத்தும் லீடர்ஸ் இன் இன்னொவேஷன் ஃபெல்லோஷிப் மலேசிய ஆய்வாளர்களையும் சேர்த்துக்கொண்ட திட்டம். பிரிட்டனும் மலேசியாவும் சேர்ந்து நடத்திய நியூட்டன்-உங்கு ஓமார் நிதியின் கீழ், மைட் என்ற மலேசிய அமைப்பு இங்கே பங்காளியாக இருந்தது. பிரிட்டனில் இரண்டு வாரப் பயிற்சி, பிறகு வழிகாட்டிகளின் தொடர்பு என்பதுதான் அதன் பழைய வடிவம். கையில் பணம் தரும் திட்டம் அல்ல. பல்கலைக்கழகத்தில் நிரந்தரச் சம்பளம் வாங்கும் இளம் விரிவுரையாளருக்கு இது அருமையான வாய்ப்பு. வேலையில்லாத முனைவருக்கு, திரும்பி வந்ததும் அதே கேள்விதான்.

ஸ்டான்ஃபோர்டின் பயோடிசைன் இன்னும் ஆழமானது. பத்து மாதம் முழுநேரம். கண்டுபிடிப்போடு உள்ளே வரவேண்டாம் என்பதுதான் அதன் சிறப்பு. மருத்துவமனையில் நின்று பார்த்து, எங்கே தேவை இருக்கிறது என்று நூற்றுக்கணக்கில் எழுதி, ஒவ்வொன்றாகக் கழித்து, மிஞ்சிய ஒன்றுக்குத் தீர்வு தேடுவார்கள். மார்பில் ஒட்டிக்கொள்ளும் இதயத் துடிப்புப் பதிவுக் கருவியைச் செய்யும் ஐரிதம் நிறுவனம் அங்கிருந்து வந்ததுதான். 2010இல் சிங்கப்பூரும் ஸ்டான்ஃபோர்டோடு சேர்ந்து இதே முறையைக் கொண்டுவந்தது.

தேவையிலிருந்து தொடங்கும் இந்தப் பழக்கம் நமக்குப் புதிதும் அல்ல. யுஎஸ்எம்மின் கிளந்தான் மருத்துவ வளாகத்தில் பேராசிரியர் அஸ்மா இஸ்மாயில் டைஃபாய்டு காய்ச்சலுக்கான டைஃபிடாட் பரிசோதனையை உருவாக்கியபோது, அந்தக் காய்ச்சல் அவரைச் சுற்றியே இருந்தது. சில மணி நேரத்தில் முடிவு தெரிய வேண்டும் என்ற தேவை கண்முன்னே இருந்தது. 1990களில் அது வணிகப் பொருளாகி வெளிநாடுகளுக்கும் போனது. பயோடிசைன் பாடத்தில் எழுதியிருப்பதை ஒரு மலேசியப் பொது மருத்துவமனைச் சூழலே கற்றுக்கொடுத்திருக்கிறது. அஸ்மா இஸ்மாயில் என்ற பெயரை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் போதுமான அளவு சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

இவற்றில் என் மனம் அதிகம் சாய்வது ஆக்டிவேட் ஃபெல்லோஷிப்பின் பக்கம். அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் சைக்ளோட்ரான் ரோடு என்ற பெயரில் 2014இல் தொடங்கியது. இரண்டு ஆண்டுகள். ஆய்வாளரின் வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகை, ஆய்வுக்குத் தனிப் பணம், ஆய்வுக்கூட வசதி, நிறுவனத்தில் பங்கு கேட்காத நிபந்தனை. சென்சார், பேட்டரி, புதிய பொருட்கள் என்று மெதுவாக முதிரும் துறைகளுக்கு ஏற்ற கால அளவு. இதுவும் அமெரிக்காவுக்குள் மட்டும்தான். யுஎஸ்எம்மோ மலாயாப் பல்கலைக்கழகமோ இதில் பாதியைச் செய்தாலே போதும்: ஓராண்டு உதவித்தொகை, பழைய ஆய்வுக்கூடத்தின் சாவி, ஒரு வழிகாட்டி. வசதியான வீட்டுப் பிள்ளைகள் அப்பாவின் பணத்தில் ஓராண்டு முயன்று பார்க்கிறார்கள். லாரி ஓட்டுநரின் மகளுக்கு அந்த ஓராண்டை யாராவது கொடுத்தாக வேண்டும்.

அப்புறம், பாயான் லெப்பாசில் 2012இல் தொடங்கிய கிரெஸ்ட். தொழில் நிறுவனமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்யும் ஆய்வுக்குப் பணம் தருகிறது. எலெக்ட்ரானிக்ஸ் சார்ந்த ஆய்வு என்றால் இன்றைக்கு இங்கே நடைமுறையில் எட்டக்கூடிய வழி இது. வாடிக்கையாளர் முதல் நாளிலிருந்தே கூட இருப்பார். ஆனால் ஆய்வு அந்த நிறுவனத்தின் தேவையை ஒட்டியே நடக்கும், சொந்த ஸ்டார்ட்அப் கனவு பின்னால் தள்ளிப்போகலாம்.

ஆகவே நம் பெண்ணுக்கு நான் சொல்வது: கையில் ஏதாவது வேலை இருந்தால் அதை விடாமலே முதலில் முப்பது பேரைச் சந்தியுங்கள். பதில்கள் தெம்பளித்தால், சூப்பர்வைசரோடு பிஆர்ஜிஎஸ்ஸுக்கோ, ஒரு தொழிற்சாலையோடு கிரெஸ்டுக்கோ போங்கள். அதில் கிடைக்கும் உதவியாளர் சம்பளத்தில் முன்மாதிரியை உறுதிப்படுத்துங்கள். சிஐபி ஸ்பார்க் அதற்குப் பிறகு. முதலிலேயே நிறுவனம் பதிந்து தவணைக்காக ஓட வேண்டாம். விரிவுரையாளராக இருப்பவர்கள், பிரிட்டன் ஃபெல்லோஷிப் இப்போதும் மலேசியர்களைச் சேர்க்கிறதா என்று முதலில் பார்க்கலாம்.

எந்த வழியில் போனாலும் காப்புரிமையை முன்கூட்டியே கவனிக்க வேண்டும். மலேசியக் காப்புரிமைச் சட்டம் 1983, நீங்களே வெளியிட்ட விஷயத்துக்கு ஓராண்டு சலுகை தருகிறது. ஐரோப்பாவில் அப்படிப்பட்ட சலுகை கிடையாது. மாநாட்டில் சுவரொட்டி ஒட்டினாலே அங்கே வாய்ப்பு போய்விடும். ஆகவே விண்ணப்பம் முதலில், கட்டுரை பிறகு. இன்னொன்று, அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் அறிவுசார் சொத்து பொதுவாக ஆய்வு நடந்த நிறுவனத்துக்கே என்பது 2009ஆம் ஆண்டு அரசுக் கொள்கை. அதனால் நிறுவனம் தொடங்கும் முன்பே பல்கலைக்கழகத்தின் வணிகமயமாக்கல் அலுவலகத்துக்குப் போய், உரிமம் உங்களுக்கு மட்டுமா, எத்தனை ஆண்டு, ராயல்டி எத்தனை சதவீதம், விற்பனை தொடங்கும்வரை கட்டணம் உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.