ஹோம் ஸ்டேஜிங் சர்வீஸ் எடுத்து வீட்ட வித்தோம்: சோஃபாவ விட்டுடுங்க, பல்ப மாத்துங்க

முதல்லயே தீர்ப்ப சொல்லிடுறேன், குடுத்த காசுல பாதி வொர்த், பாதி தண்டம். ஆனா எந்தப் பாதி வொர்த்துங்கிறதுதான் விஷயம், ஏன்னா அவங்க பெருமையா காட்டுறது ஒண்ணு, உண்மையிலேயே வேலை செஞ்சது வேற ஒண்ணு. கம்பெனி பேர் போடல, கீழ கொஞ்சம் திட்டவும் போறேன், அதுவும் போக விசாரிச்ச வரைக்கும் இந்தத் தொழில்ல முக்கால்வாசிப் பேரு இதையேதான் பண்றாங்க.

எங்க ஃபிளாட்ட விக்கப் போட்டு மாசக்கணக்கா ஆளுங்க வருவாங்க, சுத்திப் பாப்பாங்க, "வீட்ல பேசிட்டு சொல்றோம்"னு போவாங்க, அத்தோட சரி. ப்ரோக்கர்தான் ஸ்டேஜிங் பண்ணிப் பாருங்கன்னாரு. விக்கப்போற வீட்ட, குடியிருக்கிறவங்களுக்காக இல்லாம பாக்க வர்றவங்களுக்காக அடுக்கி, சாமான் மாத்தி, லைட் மாத்தி, ஃபோட்டோ எடுத்துத் தர்றதுதான் வேலை. இன்டீரியர் டெக்கரேஷன்னு நெனச்சிடாதீங்க, அதுல நம்ம ரசனைதான் முக்கியம், இதுல நம்ம ரசனைய துடைச்சு எடுக்கிறதுக்குத்தான் காசே. அமெரிக்காவுல பார்ப் ஷ்வார்ட்ஸ்ங்கிற அம்மா 1972 வாக்குல இத ஆரம்பிச்சதா சொல்லுவாங்க, அங்கிருந்து பரவி இப்ப இது ஒரு தனி பிசினஸ்.

முதல் விசிட்டுக்கு வந்த பொண்ணு கெட்டிக்காரி. உள்ள வந்ததும் சோஃபா பக்கம், சுவர் பக்கம் எதுவும் பாக்கல, வாசக்கதவுகிட்ட நின்னு மூச்ச இழுத்துப் பாத்தா. "மேடம், தப்பா நெனைக்காதீங்க, ஈரத் துணி வாசனை வருது"ன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு, வீட்டுக்காரரு "அதெல்லாம் ஒண்ணும் இல்லயே"ன்னாரு, அதுக்கு அவ "உங்களுக்குத் தெரியாது சார், உங்க வீட்டு வாசனை உங்க மூக்குக்குப் பழகிப்போச்சு"ன்னா. உண்மைதான், ஒரே வாசனையிலயே இருந்தா கொஞ்ச நேரத்துலயே மூக்கு அத கண்டுக்கிறத விட்டுடும், வெளிய இருந்து வர்றவங்களுக்கு மட்டும்தான் அது முதல் செகண்ட்லயே தெரியும், ஈர வாசனை வந்தா அவங்க துணின்னா நெனைப்பாங்க, சுவர்ல எங்கயோ தண்ணி கசியுதுன்னுதான் நெனைப்பாங்க. பின்னாடி ரூம்ல கதவ சாத்தி துணி காயப்போடுறத நிறுத்துங்க, கர்ட்டன் எல்லாத்தையும் துவைங்க, ஜன்னல தொறந்து வைங்கன்னா. மொத்தத்துல கிடைச்ச பெஸ்ட் அட்வைஸ் அதுதான், அதுக்குத் தனியா பில்லும் போடல.

அடுத்தது சாமான் கழிக்கிறது. வேண்டாதத தூக்கிப்போடச் சொல்லுவாங்கன்னு தெரியும், ஆனா வேணுங்கிற சாமான்லயே மூணுல ஒரு பங்க பெட்டில போட்டு வெளிய அனுப்பிடுங்கன்னு சொல்லுவான்னு எதிர்பாக்கல. அலமாரி எல்லாம் பிதுங்கிக்கிட்டு இருந்தா பாக்க வர்றவங்க "இவங்க நிறைய சாமான் வச்சிருக்காங்க"ன்னு நெனைக்க மாட்டாங்களாம், "இந்த வீட்ல இடம் பத்தாது"ன்னுதான் நெனைப்பாங்களாம். சுவர்ல இருந்த குடும்ப ஃபோட்டோ, பசங்க வாங்கின கப்பு, ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருந்த காந்தம் எல்லாம் அவுட். காரணம் கேட்டதுக்கு அவ சொன்னது எனக்குப் பிடிச்சிருந்துச்சு: உங்க முகம் சுவர்ல இருக்கிற வரைக்கும் வர்றவங்க விருந்தாளி மாதிரிதான் நடந்துக்குவாங்க, விருந்தாளி அலமாரியத் தொறந்து பாக்க மாட்டாங்க, குழாயத் திருகிப் பாக்க மாட்டாங்க, வாங்கணும்னு நெனைக்கிறவங்கதான் பாப்பாங்க. நிஜமாவே அதுக்கப்புறம் வந்தவங்க அலமாரிய எல்லாம் தொறந்தாங்க, கட்டில் எந்தப் பக்கம் போடலாம்னு எங்க முன்னாடியே சண்டை போட்டாங்க. முன்னாடி வந்தவங்க எல்லாம் ஹால் நடுவுல கையக் கட்டிக்கிட்டு நின்னுட்டுப் போனவங்கதான்.

ஆனா இந்த வேலைல பெரிய மாற்றம் நடந்தது வந்தவங்க மனசுல இல்ல, எங்க மனசுலதான், இத எந்த கம்பெனியும் விளம்பரத்துல போடுறதில்ல. நம்ம கையில இருக்கிற பொருளுக்கு நாம கூடுதல் விலை போடுவோம், இதுக்கு எண்டோமென்ட் எஃபெக்ட்னு பேர் வச்சவரு பொருளாதார நிபுணர் ரிச்சர்ட் தேலர், 1980ல. அவரும் டேனியல் கானமன், ஜாக் நெட்ச்னு இன்னும் ரெண்டு பேரும் சேந்து 1990ல வெளியிட்ட ஆராய்ச்சில ஸ்டூடண்ட்ஸ்ல பாதிப் பேருக்கு ஒரு காஃபி மக் குடுத்தாங்க, குடுத்து கொஞ்ச நேரம்தான் ஆயிருக்கும், அதுக்குள்ளயே மக் வச்சிருக்கிறவங்க கேட்ட விலை, வாங்குறவங்க தர ரெடியா இருந்த விலைய விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. கொஞ்ச நேரம் கையில இருந்த மக்குக்கே அப்படின்னா, பசங்க தவழ்ந்த தரைக்கு எவ்ளோ போடுவோம்னு பாத்துக்குங்க. எங்க வீட்டுக்காரரு யாராவது விலைய கொறச்சுக் கேட்டா அவரையே திட்டின மாதிரி முகம் சுருங்கிடுவாரு, "டைல்ஸ் நான் நின்னு போட்டது தெரியுமா"ன்னு ஆரம்பிச்சிடுவாரு. சுவரெல்லாம் வெறும் வெள்ளையா ஆகி, நம்ம சாமான் எல்லாம் பெட்டிக்குள்ள போனதும் அந்தப் பேச்சு தானா நின்னுச்சு. ஒருத்தர் பாத்ரூம் பழசா இருக்குன்னு சொன்னப்ப "ஆமா சார், மாத்தணும்தான்"னாரு, நான் அசந்துட்டேன். வீடு விக்காம இழுக்கிறதுக்கு விலை சொல்றவங்களோட பாசமும் ஒரு காரணம்ங்க, அத கழட்டி எடுக்க இதுக்கு மேல நல்ல வழி எனக்குத் தெரியல.

லைட்டு விஷயத்துக்கு முழு மார்க். ஹால்ல 6500 கெல்வின் (லைட்டோட நிறத்துக்கான அளவு, நம்பர் கொறைஞ்சா மஞ்சள், கூடுனா வெள்ளை) வெள்ளை ட்யூப், பெட்ரூம்ல 3000 மஞ்சள் பல்ப், பாசேஜ்ல எப்பவோ மாட்டின வேற ஏதோ ஒண்ணு, இத்தனை வருஷத்துல எங்க கண்ணுக்கு அது உறுத்தவே இல்ல. கேமராவுக்கு உறுத்தும், ஹாலுக்கு கலர் சரி பண்ணா பின்னாடி தெரியுற பெட்ரூம் ஆரஞ்சாத் தெரியும், பெட்ரூமுக்கு சரி பண்ணா ஹால் நீலமாயிடும். ஒரே பார்வைல தெரியுற எல்லா இடத்துக்கும் ஒரே டோன்னு சொல்லி ஹால், பாசேஜ், பெட்ரூம் எல்லாம் 3000, கிச்சனுக்கும் பாத்ரூமுக்கும் மட்டும் 4000னு மாத்தினா. ஜன்னலுக்கு எதிர்சுவர்ல ஒரு கண்ணாடி, கர்ட்டன் கம்பிய சீலிங் பக்கமா தூக்கி மாட்டினாங்க, அவ்ளோதான், அதே ரூம் உயரமாத் தெரிய ஆரம்பிச்சுது. இதெல்லாம் ஒரு எலக்ட்ரீஷியன வச்சு நீங்களே பண்ணிக்கலாம், பல்ப் டப்பாலயே கெல்வின் நம்பர் போட்டிருக்கும்.

இப்ப தண்டம் பக்கம் வரேன்.

வாடகை ஃபர்னிச்சர். இதோட லாஜிக் தப்பில்ல, காலி ரூம்ல கண்ணுக்கு அளவு பிடிபடாது, அதனால கட்டில் போட்டதுக்கப்புறம் நடக்க இடம் இருக்குமான்னு சந்தேகம் வரும், ஒரு கட்டில போட்டுக் காட்டிட்டா சந்தேகம் போயிடும். சரி, ஆனா அவங்க கொண்டு வந்தது எல்லாமே ஒரு சைஸ் சின்னது. சோஃபா தாழ்வா, டீப்பாய் கண்ணாடில, கட்டில் நீளம் கம்மி. ரூம பெருசாக் காட்டுற பழைய ட்ரிக்தான். ஒரு பெரியவரு டேப்போட வந்தாரு, எல்லாரும் சுவர அளப்பாங்க, அவரு நேரா போய் கட்டில அளந்தாரு. அளந்துட்டு நிமிந்து என்னப் பாத்து "இதுல யாரும்மா படுக்கிறது?"ன்னாரு. நான் என்னத்த சொல்ல. அதுக்கப்புறம் அவரு அந்த வீட்ல எதையுமே நம்பல, கிச்சன் மேடைய தட்டிப் பாத்தாரு, புதுசா அடிச்ச பெயிண்ட்ட நகத்தால சுரண்டிப் பாத்தாரு. ஒரு இடத்துல ஏமாத்துறோம்னு தெரிஞ்சா மத்த எல்லாத்துலயும் தேடுவாங்க, இயல்பு அதுதானே. ஒரு விஷயம் பிடிச்சுப்போனா மத்ததும் நல்லாத் தெரியும்னு உளவியலாளர் தார்ன்டைக் 1920லயே சொன்ன ஹேலோ எஃபெக்ட்ட நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்குது, ஆனா அது ரிவர்ஸ்லயும் ஓடும்ங்கிறத மறந்துடுறாங்க.

வாசனை இன்னொரு கூத்து. முதல் நாள் அந்தப் பொண்ணு அவ்ளோ அழகா மூக்கப் பத்தி பாடம் எடுத்துட்டுப் போனா, சாமான் இறக்க வந்த டீம் நாலு மூலைலயும் வாசனை பரப்புற டிஃப்யூசர் வச்சு வெனிலா, பட்டை, இன்னும் என்னென்னமோ கலந்து ஊத்திட்டாங்க. வந்தவங்க எல்லாம் ஹால்ல நின்னு மோந்து மோந்து பாத்தாங்க, ஒருத்தர் நேரடியாவே "எத மறைக்க இவ்ளோ வாசனை?"ன்னு கேட்டாரு. ஸ்விட்சர்லாந்துல வீட்டு அலங்காரப் பொருள் விக்கிற ஒரு கடைல பண்ண ஆராய்ச்சி 2013ல வந்துச்சு, வெறும் ஆரஞ்சு வாசனை இருந்தப்ப கஸ்டமர் பண்ண செலவு, பேசிலும் கிரீன் டீயும் கலந்த ஆரஞ்சு வாசனை இருந்தப்ப பண்ணத விட சுமார் 20% அதிகம். கலவையான வாசனைய என்னன்னு கண்டுபிடிக்கவே மூளை கொஞ்சம் வேலை செய்யும், பாக்க வந்தத விட்டுட்டு அதுலயே கவனம் நிக்கும், இதுதான் ஆராய்ச்சி பண்ணவங்க குடுத்த விளக்கம். அத்தனையையும் அன்னிக்கே பிடுங்கி பால்கனில வச்சிட்டேன்.

"ஸ்டேஜ் பண்ணா விலை கூடும்"னு அடிச்சுச் சொல்லுவாங்க, இந்த இடத்துல உஷாரா இருங்க. அவங்க காட்டுற கணக்கு பெரும்பாலும் ஏஜென்ட்டுங்ககிட்ட கேட்டது. அமெரிக்க ரியல்டர்ஸ் (ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டுங்க) சங்கம் 2023ல எடுத்த சர்வேல, வாங்குறவங்க பக்கம் நிக்கிற ஏஜென்ட்டுங்கள்ல 81% பேரு, ஸ்டேஜ் பண்ண வீட்ட கஸ்டமர் தன் வீடா கற்பனை பண்ணிப் பாக்கிறது ஈஸின்னு சொல்லியிருக்காங்க. இருக்கட்டும், அது ஏஜென்ட்டோட அபிப்பிராயம், வாங்கினவங்க கூடக் குடுத்தாங்கன்னு அர்த்தமில்ல. இதையே நேரா டெஸ்ட் பண்ண லேன், சைலர், சைலர்னு மூணு பேரோட ஆராய்ச்சி 2015ல வந்துச்சு, ஒரே வீட்ட நல்ல ஃபர்னிச்சர், அசிங்கமான ஃபர்னிச்சர், காலி ரூம், சாதா சுவர், கண்ணக் குத்துற கலர் சுவர்னு மாத்தி மாத்தி வர்ச்சுவல் டூர்ல 820 பேருகிட்ட காட்டினாங்க. வீடு பிடிச்சிருக்கா, குடியிருக்கலாமாங்கிறதுல வித்தியாசம் இருந்துச்சு. எவ்ளோ குடுப்பீங்கன்னா, சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்ல. இதுல வேடிக்கை, மத்தவங்க இதுல மயங்கிடுவாங்கன்னு மட்டும் அந்த டூர் பாத்தவங்களும் நம்பினாங்க.

விலைய உண்மையிலேயே இழுக்கிறது நாம முதல்ல போடுற நம்பர்தான். நார்த்கிராஃப்ட், நீல்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1987ல வெளியிட்ட ஆராய்ச்சில அரிசோனாவுல டூசன் ஊர்ல அசல் ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டுங்கள ஒரு வீட்டுக்கு அனுப்பி மதிப்பு போடச் சொன்னாங்க, எல்லாருக்கும் ஒரே வீடு ஒரே விவரம், கேக்கிற விலை மட்டும் ஆளுக்கு ஆள் வேற. அவங்க போட்ட மதிப்பும் அந்த நம்பர் பின்னாடியே போச்சு, ஆனா கேட்டப்ப பெரும்பாலானவங்க அந்த விலைய நான் கணக்குலயே எடுத்துக்கலன்னாங்க. தொழில் தெரிஞ்சவங்களுக்கே இந்த கதி. அதனால ஸ்டேஜிங்காரங்க பேச்ச கேட்டு விலைய கன்னாபின்னான்னு ஏத்தாதீங்க, ரொம்ப ஏத்துனா பாக்கவே வர மாட்டாங்க, பாதிலயே கொறைச்சா ஏதோ கோளாறு போலன்னு பேச்சு கிளம்பும்.

ஃபோட்டோ நல்லா எடுத்தாங்க, லிஸ்டிங்ல படம் மாத்தின உடனே போன் வர ஆரம்பிச்சுது, அதுல பொய்யில்ல. ஆனா காலியா இருந்த சின்ன ரூமுக்கு கம்ப்யூட்டர்லயே டேபிள், நாற்காலி, கம்பளம் எல்லாம் போட்டு அனுப்பினாங்க, வர்ச்சுவல் ஸ்டேஜிங்காம். அது கூடப் பரவால்ல, எடிட் பண்ணதுன்னு கீழ போட்டுட்டா போதும். பால்கனி சுவர்ல ஓடுற தண்ணி பைப்பையும் சேத்து அழிச்சிருந்தாங்க! அந்தப் படத்த திருப்பி அனுப்பிட்டேன். நேர்ல வந்து நின்னா பைப் கண்ணு முன்னாடி இருக்கப் போகுது, படத்த பாத்து வர்றவங்க மனசுல ஒரு வீட்ட ஏற்கனவே கட்டிட்டுத்தான் வருவாங்க, அதுல ஒரு செங்கல் கொறைஞ்சாலும் மிச்ச நேரம் முழுக்க அந்தக் கொறைதான் ஓடும்.

கடைசில வீடு போச்சு, நாங்க கேட்ட விலைக்குக் கொஞ்சம் கீழ, ஆனா ஸ்டேஜிங்குக்கு முன்னாடி இருந்த இழுவை இல்லாம. வாங்கினவங்க வாடகை சோஃபாவப் பத்தி ஒரு வார்த்த பேசல, காலைல ஹால்ல வெளிச்சம் வர்றதையும் அலமாரி இடத்தையும்தான் திரும்பத் திரும்ப சொன்னாங்க. அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுப்பேன், முதல் நாள் வந்த அந்தப் பொண்ணுக்கு மட்டும்னா அஞ்சு.

ஏற்கனவே காலி பண்ணிட்டுப் போன வீடுன்னா முழு பேக்கேஜ் யோசிக்கலாம், அளவு காட்ட சாமான் தேவைப்படும், ஆனா நார்மல் சைஸ் கட்டில்தான் வேணும்னு அழுத்திச் சொல்லுங்க. குடியிருந்துக்கிட்டே விக்கிறீங்கன்னா ஒரு தடவை வந்து பாத்து சொல்ற கன்சல்டேஷன் மட்டும் எடுங்க, ஃபோட்டோவ தனியா பேசுங்க. ஃபர்னிச்சர் எடுத்தே ஆகணும்னா, பேசின மாசம் தாண்டினா வாடகை எப்படி ஏறும், கீறல் விழுந்தா யார் பொறுப்பு, வீடு முடிஞ்ச அன்னிக்கே வந்து எடுத்துட்டுப் போவாங்களா இதெல்லாம் எழுத்துல வாங்கிடுங்க, எங்களுக்கு வாயாலதான் சொன்னாங்க, சாவி குடுக்கிற நாள் வரைக்கும் அந்தக் குட்டிக் கட்டில எடுக்க ஆள் வரல.