வீட்டு சர்வருக்கு ராஸ்பெர்ரி பையா, கழித்த திங்க்பேடா? சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு ஒப்பீடு

வீட்டில் ஒரு சின்ன சர்வர் ஓட்டலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது ராஸ்பெர்ரி பை, ஒரே போர்டில் அடங்கிய கையகலக் கம்ப்யூட்டர். அடுத்தது, கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும் லேப்டாப். நான் பை 4-இல் ஆரம்பித்து இப்போது லெனோவோ திங்க்பேட் டி480-க்கு வந்திருக்கிறேன். வீடு தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், சாட்ஸ்வொர்த். என் சாய்வு லேப்டாப் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகத்துக்காகவோ விலைக்காகவோ நான் மாறவில்லை. கரண்ட் போன பிறகு எது விழித்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் மாறினேன்.

சர்வரில் என்ன ஓடுகிறது என்று சொன்னால்தான் மற்றது புரியும். அம்மா பார்க்கும் படங்களுக்கு ஜெல்லிஃபின், குடும்பப் போட்டோக்களுக்கு இம்மிச், விளம்பரத்தைத் தடுக்க பை-ஹோல், அப்புறம் ஆயா பாடி கேசட்டில் பிடித்துவைத்திருந்த கும்மிப் பாட்டுகளின் டிஜிட்டல் பிரதி. ஆனால் தினமும் அதற்கு வேலை வைப்பது கையில் வைத்து ஆடும் ஹேண்ட்ஹெல்ட் கேம்கள்தான். என்னிடம் ஆன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் பிளஸ், அக்கா மகனிடம் மியூ மினி பிளஸ். தொண்ணூறுகளில் இந்த நாட்டில் வளர்ந்தவர்களுக்கு கோல்டன் சைனா டிவி கேம் தெரியாமல் இருக்காது, 1983-இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபாமிகாமின் நகல் அது. அதற்கு வந்த கேட்ரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றில் சேவ் கிடையாது, பிளக்கைப் பிடுங்கினால் முதல் கட்டத்திலிருந்துதான். அந்த விளையாட்டுகளையும் அதற்குப் பின்னால் வந்தவற்றையும் இப்போது மூன்றரை இஞ்ச் திரையில் வைத்து ஆடுகிறோம், விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம். அந்த "விட்ட இடம்" ஒரு மெமரி கார்டில் மட்டும் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் எனக்கு சர்வரே.

சேவ் ஃபைல்களை மெஷினுக்கு மெஷின் நகல் எடுத்துவைப்பதை சிங்க்திங் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. ஆன்பெர்னிக்கில் நான் போட்டிருக்கும் மஸ்டர்ட் ஓஎஸ்ஸிலேயே அது இருக்கிறது, மியூவில் ஆனியன் ஓஎஸ் போட்டால் அதிலும் ஓட வைக்கலாம். அளவெல்லாம் ஒன்றுமே இல்லை. பழைய நின்டெண்டோ சேவ் 8 கேபி, பிளேஸ்டேஷன் 1 மெமரி கார்டு முழுசாக 128 கேபி. எந்தப் பழைய கம்ப்யூட்டரும் இதைத் தூக்கும். ஒன்று மட்டும் கவனம்: கேமுக்குள்ளேயே செய்யும் சேவ் ஃபைலை மட்டும் சிங்க் செய்யுங்கள், எமுலேட்டர் அந்த நொடியை அப்படியே பிடித்துவைக்கும் சேவ் ஸ்டேட் வேண்டாம். இரண்டு மெஷினிலும் கேமை ஓட்டும் ரெட்ரோஆர்ச் மென்பொருளின் கோர் வேறு வேறு பதிப்பாக இருந்தால் ஒன்றில் எடுத்த ஸ்டேட் இன்னொன்றில் திறக்காமல் போகலாம்.

சிங்க்திங்கில் நடுவில் ஒரு கம்பெனியின் சர்வர் உட்கார்ந்து ஃபைலை வாங்கி வைத்துக்கொள்வதில்லை. இரண்டு சாதனமும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தால்தான் ஃபைல் கை மாறும். ஹேண்ட்ஹெல்டோ ஆடும்போது மட்டும்தான் ஆனில் இருக்கும். அதனால் வீட்டில் ஒன்று எப்போதும் விழித்திருக்க வேண்டும். இனி இதை அடிக்கடி கரண்ட் போகும் இந்த ஊர் நிலைமையோடு சேர்த்துப் பாருங்கள். பிள்ளைகள் ஹேண்ட்ஹெல்டை அதிகம் கையில் எடுப்பது எப்போது? டிவி அணைந்து, வீடு இருட்டி, வேறு வேலை இல்லாமல் உட்காரும்போது. சரியாகக் கரண்ட் இல்லாத அந்த இரண்டு மணி நேரத்தில் சர்வர் செத்துக் கிடந்தால், அன்றைய ஆட்டம் முழுவதும் அந்த ஒரு கார்டிலேயே தங்கிவிடும். கரண்ட் வந்ததும் ஹேண்ட்ஹெல்டை அணைத்துவிட்டு டிவிக்குப் போய்விடுவார்கள், சிங்க் ஆக நேரமே கிடைக்காது.

மற்றதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வேகத்தில் டி480 தெளிவாக முன்னால்: இன்டெலின் எட்டாம் தலைமுறை சிப், வீடியோவை மாற்றிக் கொடுக்கும் குவிக் சிங்க் உள்ளேயே இருக்கிறது, ஜெல்லிஃபின் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. பை 4 அந்த வேலையில் திணறும். ரேம் பை 4-இல் 8 ஜிபியோடு முடிந்தது, டி480-இல் 32 வரை போடலாம். விலை என்று பார்த்தால் பை போர்டு மட்டும் மலிவு, அதற்குக் கேஸ், பவர் சப்ளை, எஸ்எஸ்டி, அதை மாட்ட ஒரு யூஎஸ்பி அடாப்டர் எல்லாம் வாங்கி முடிப்பதற்குள் கழித்த லேப்டாப் விலையை நெருங்கிவிடுகிறோம். கரண்ட் செலவில் பை ஜெயிக்கும். ஆனால் எவ்வளவு? திரையை அணைத்துவிட்ட லேப்டாப் சும்மா இருக்கும்போது பையைவிட நாலு வாட் கூட இழுக்கிறது என்று வையுங்கள், வருடத்துக்கு 35 யூனிட் சொச்சம். உங்கள் ப்ரீபெய்ட் மீட்டர் ரேட்டால் பெருக்கிப் பாருங்கள், பெரிய தொகை வராது.

இப்போது கரண்ட் போகும் கதைக்கு வருகிறேன். 2023-இல் லோட் ஷெடிங், அதாவது மின் பற்றாக்குறைக்காக முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது, ஸ்டேஜ் 6 வரை போனதை இந்த நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2024 மார்ச் கடைசியிலிருந்து பெரும்பாலும் நின்றது, 2025-இல் அவ்வப்போது தலைகாட்டியது. "அதான் நின்றுபோச்சே" என்று சிலர் சொல்கிறார்கள். கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் கோளாறும் நின்றுபோகவில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் சுற்றுவட்டாரம் கரண்ட் இல்லாமல் பட்ட பாடு வேறு. லோட் ஷெடிங்குக்காவது ஆப்பில் அட்டவணை இருந்தது, இவற்றுக்கு அதுவும் இல்லை.

இங்கே பல வீடுகளில் ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும், கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் ஒரு மினி யூபிஎஸ் இருக்கும். 12 வோல்ட், 9 வோல்ட், ஒரு யூஎஸ்பி என்று வரும் சின்னப் பெட்டி. பையையும் அதிலேயே செருகிவிடலாமே என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். இரண்டு தடை இருக்கிறது. பை 4 கேட்பது 5 வோல்ட்டில் 3 ஆம்பியர். மினி யூபிஎஸ்களின் யூஎஸ்பி பெரும்பாலும் 2 ஆம்பியரோடு நின்றுவிடும். பை சும்மா இருக்கும்போது இது தெரியாது. எஸ்எஸ்டியும் மாட்டி வேலையும் கொடுத்தால் வோல்ட் இறங்கும், பை தன் வேகத்தைக் குறைக்கும், எஸ்எஸ்டி துண்டித்துக்கொள்ளவும் கூடும். இரண்டாவது, அந்தப் பேட்டரி எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு. 8800 எம்ஏஹெச் என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 32 வாட்ஹவர் சொச்சம். வோல்ட்டை ஏற்றுவதில் கொஞ்சம் வீணாகி 27 மிஞ்சும். ரௌட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 12 வாட் இழுத்தால் இரண்டே கால் மணி நேரம் வரும், இங்கத்து இரண்டு மணி நேர லோட் ஷெடிங்குக்குச் சரியாகப் போதும். வேலை செய்யும் பையும் எஸ்எஸ்டியும் ஒரு ஏழு வாட் சேர்ந்துகொண்டால் ஒன்றரை மணி நேரம்கூட வராது. சர்வரைக் காப்பாற்றப் போய் இன்டர்நெட்டையும் இழக்கிறோம்.

யூபிஎஸ் இல்லாமல் பையை விட்டால் அது திடீர் சாவு. எஸ்டி கார்டில் ஓடும் பைக்கு இதைவிடக் கெட்டது எதுவும் இல்லை, ஏனென்றால் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் அறுந்தால் ஃபைல் சிஸ்டம் தன்னைச் சரிசெய்துகொள்ளலாம், கார்டுக்குள் எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்று கார்டே வைத்திருக்கும் கணக்கு கெட்டுப்போனால் அதைச் சரிசெய்ய நமக்கு வழியே இல்லை. எஸ்எஸ்டியிலிருந்து பூட் செய்தால் ஆபத்து குறையும், முழுசாகப் போகாது. இன்னொன்று, பை 4-இல் கடிகாரம் ஓட வைக்கும் பேட்டரி கிடையாது. எழுந்ததும் கடைசியாகத் தெரிந்த நேரத்தையே நினைத்துக்கொண்டிருக்கும், இன்டர்நெட் கிடைத்த பிறகுதான் திருத்திக்கொள்ளும்.

லேப்டாப்பில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை, யூபிஎஸ் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. டி480 இதில் இன்னும் ஒரு படி மேல், அதற்கு இரண்டு பேட்டரி: உள்ளே 24 வாட்ஹவர், பின்னால் கழற்றி மாட்டக்கூடியது இன்னொன்று, அதில் சாதாரணமாக வருவது 24, பெரியது 72. பின்னால் இருப்பதை மெஷின் ஓடும்போதே கழற்றலாம். என்னுடையது சாதாரண ஜோடிதான். புதிதில் 48 வாட்ஹவர், தேய்ந்து எழுபது சதவீதம் என்று வைத்தால் 33 சொச்சம், அதிலும் நான் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற விடுவதில்லை, ஆக 27. திரை அணைந்து பெரும்பாலும் சும்மா இருக்கும்போது ஏழு வாட் என்றால், 15 சதவீதத்தில் அணைந்துவிட வைத்தாலும் மூன்று மணி நேரம் போலத் தாங்கும். மினி யூபிஎஸ்ஸை ரௌட்டருக்கே முழுசாக விட்டுவிடலாம். கரண்ட் போகிறது, வீடு இருட்டுகிறது, பையன் ஆடுகிறான், சேவ் செய்கிறான், அது சர்வருக்குப் போய்ச் சேர்கிறது.

ஆனால் பேட்டரி உள்ள பொருளை வருடக்கணக்கில் பிளக்கிலேயே வைத்திருப்பது கவனம் கேட்கும் விஷயம், இதைச் சொல்லாமல் யாரையும் லேப்டாப் பக்கம் இழுக்கக்கூடாது. லித்தியம் பேட்டரி முழு சார்ஜில், சூட்டில் கிடந்தால் சீக்கிரம் கெடும், உப்பும். டர்பன் ஜனவரி வெயில் அதற்கு நல்லதில்லை. லினக்ஸில் டிஎல்பி என்று ஒரு கருவி இருக்கிறது, அதில் 75-க்குக் கீழே போனால் சார்ஜ் ஆரம்பி, 80-இல் நிறுத்து என்று எழுதிவைக்கலாம், திங்க்பேடுகள் இதற்கு ஒழுங்காகக் கட்டுப்படும். இந்த ஒரு அமைப்பு இல்லாத லேப்டாப்பை நான் சர்வராக வைக்க மாட்டேன். அப்புறம், மூடியை மூடினால் தூங்கிவிடாதபடி அமைப்பை மாற்ற வேண்டும், பேட்டரி 15 சதவீதத்துக்கு இறங்கினால் ஒழுங்காக அணைந்துவிடச் சொல்ல வேண்டும். மெஷினைத் துணி மேலோ மூடிய அலமாரியிலோ வைக்கக்கூடாது, அடியில் காற்று போக இடம் வேண்டும்.

மாதம் ஒரு தடவை கையால் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். டச்பேட் மேலே தூக்கியிருக்கிறதா, அழுத்தினால் கடினமாக இருக்கிறதா, மேசையில் வைத்தால் ஆடுகிறதா. இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே அணைத்து பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். உப்பிய பேட்டரியைக் குத்தக்கூடாது, அழுத்தி உள்ளே தள்ளக்கூடாது, குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது, மின்கழிவு வாங்குகிற இடத்தில்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், இந்த ஒரு விஷயத்தில் நான் சமரசம் செய்வதில்லை.

பை ஜெயிக்கும் இடமும் உண்டு. கரண்ட் வந்த உடனே அது தானாக எழுந்துவிடும், யாரும் பொத்தானை அழுத்த வேண்டாம். லேப்டாப் ஒரு தடவை முழுசாக அணைந்துவிட்டால், சார்ஜர் உயிர் பெற்றதும் தானாக ஆன் ஆகும் வசதி பயாஸில் (மெஷினின் தொடக்க அமைப்பில்) இருந்தால்தான் எழும். வீட்டுக்கே இன்வெர்ட்டரோ சோலாரோ போட்டிருப்பவர்களுக்கு நான் மேலே சொன்ன கணக்கில் பாதிக்கு மேல் பொருந்தாது. அவர்கள் பையை எஸ்எஸ்டியோடு வாங்கி நிம்மதியாக இருக்கலாம், பேட்டரி பயமும் இல்லை.

பை 5-ஐ நான் நீண்ட நாள் ஓட்டியதில்லை. அதில் கடிகாரமும் பவர் பொத்தானும் வந்திருப்பது நல்ல மாற்றம், ஆனால் அது முழு பலத்துக்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் கேட்கிறது, மினி யூபிஎஸ் பிரச்சினை இன்னும் மோசமாகிறது. என்னை உண்மையில் சபலப்படுத்துவது இன்டெல் என்100 போட்ட குட்டிப் பெட்டிகள்தான். அவற்றில் பல 12 வோல்ட்டில் ஓடுகின்றன, 12 வோல்ட் கொடுக்கும் கொஞ்சம் பெரிய மினி யூபிஎஸ் ஒன்றைத் தனியாக அதற்கென்று வைத்தால் வேலை முடிந்தது. டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கும் நண்பர் ஒருவர் அப்படித்தான் வைத்திருக்கிறார், குறை சொல்லிக் கேட்டதில்லை. என் கைப்பட ஓட்டாததால் அதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன். ஆபீஸ்களில் கழிக்கும் சதுர மினி பிசிகளும் மலிவாகக் கிடைக்கும், அவை பெரும்பாலும் 19, 20 வோல்ட் கேட்கும், மினி யூபிஎஸ்ஸில் அந்த வோல்ட் வராது.

டி480 வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள். இரண்டு பேட்டரியும் புதிதில் எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்பதை மெஷினே காட்டும், பாதிக்குக் கீழே என்றால் பின்பக்கப் பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். பயாஸுக்குள் போய் சார்ஜர் வந்ததும் ஆன் ஆகும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தால் விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். யூஎஸ்பி-சி சார்ஜரைச் செருகி லேசாக அசைத்துப் பாருங்கள், சார்ஜ் விட்டுவிட்டு வரக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, அந்த யூஎஸ்பி-சி போர்ட்டை இயக்கும் தண்டர்போல்ட் சிப்பின் ஃபர்ம்வேர் அப்டேட்டைப் போட்டுவிடுங்கள், அந்த வருடத்துத் திங்க்பேடுகளில் பழைய ஃபர்ம்வேரோடு விட்டால் அந்த சார்ஜ் போர்ட்டே வேலை செய்யாமல் போக வாய்ப்பு உண்டு.