உள்ளே கம்பளி வைத்த துண்டுத்துணிப் போர்வை: ஆறு மழைக்காலத்துக்குப் பிறகு

இன்றோடு ஐந்து நாள். போர்வை இன்னும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டி, மிலாறு (காய்ந்த தேயிலைக் குச்சி) எரியும் சூட்டில் போட்டிருக்கிறேன். மேல்துணி முதல் நாளே காய்ந்துவிட்டது. ஆனால் கையை வைத்து அழுத்தினால் உள்ளேயிருந்து விரலுக்குக் குளிர் ஏறுகிறது. வீடு முழுக்க நனைந்த ஆட்டு வாடை. இந்த நேரத்தில்தான் இலங்கை மலைநாட்டின் அடுத்த பக்கம், பண்டாரவளையிலிருந்து நாத்தனார் போன் எடுத்தாள். "அண்ணி, உங்க வீட்டுப் போர்வை மாதிரியே ஒண்ணு தைக்கப் போறேன். உள்ளுக்குக் கம்பளியே வைக்கவா?"

வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும் மனசு ஒப்பவில்லை. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

துண்டுகளை எப்படி வெட்டுவது, எப்படி மூட்டுவது என்பதை விட்டுவிடுகிறேன். மெஷினில் உட்கார்ந்த எவருக்கும் அது தெரியும். இந்தப் போர்வை 2019 டிசம்பரில் தைத்தது. அகலம் 60 அங்குலம், நீளம் 80. ஐந்து அங்குலச் சதுரங்கள், மொத்தம் 192. நான் வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவள் என்பதால் சட்டைத் துண்டும் சுடிதார்த் துண்டும் எப்போதும் கையில் இருக்கும். அதோடு பழைய சாரம் (லுங்கி), பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன வெள்ளைச் சீருடை, வீட்டுக்காரருடைய முழங்கால் கிழிந்த டெனிம் எல்லாம் சேர்ந்தன. அப்படியும் போதாமல் டவுனில் கிலோக் கணக்கில் விற்கும் கார்மெண்ட் வெட்டுத்துணியில் இரண்டு கிலோ வாங்கினேன். வீட்டில் வந்து கட்டை அவிழ்த்தால் நடுவில் நனைந்த துணி. எடை கூடுவதற்காகச் செய்ததா, மழையில் நனைந்ததா என்று தெரியாது. ஆனால் கால் கிலோ தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருக்கிறேன், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கட்டாக வாங்குகிறவர்கள் கடையிலேயே அவிழ்த்துப் பாருங்கள்.

அடித்துணி அம்மாவின் சேலை இரண்டு, 'வாயில்' என்கிற மெல்லிய துணி. நடுவில் வைத்தது அம்மாயியின், அதாவது அம்மாவின் அம்மாவின், கம்பளி.

அந்தக் கம்பளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது தேயிலை மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் மழைக்குப் பொலித்தீன் போட்டுக்கொள்கிறார்கள். அம்மாயி காலத்தில் கம்பளிதான். தலையிலிருந்து முதுகு வரை கொங்காணி (மழை முக்காடு) மாதிரிப் போட்டு, அதற்கு மேல் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிப்பார்கள். தோட்டத்தில் கம்பளியைக் கொடுத்துவிட்டு, அதன் காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அம்மாயியின் கம்பளி அப்படி வந்ததுதான். அவர் போனபிறகு அது பெட்டியில் மடித்தபடி கிடந்தது. பூச்சி அரிப்பதற்குள் உபயோகமாகட்டும் என்று எடுத்தேன்.

எடுத்ததும் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். முடி கருகும் வாடை வந்தது, சாம்பல் விரலில் நசுக்கினால் பொடியானது. அப்படியென்றால் ஆட்டுமுடிதான். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாடை வரும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான உருண்டையாக நிற்கும். துண்டுத்துணி சேர்க்கிறவர்களுக்கு இந்தச் சோதனை அவசியம். பார்வைக்குப் பருத்தி போலிருக்கும் துண்டு பாதிக்கு மேல் பொலியெஸ்டராக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தைத்து, கழுவினால் ஒன்று சுருங்கும், மற்றது அப்படியே நிற்கும்.

சூட்டைப் பற்றிக் கேட்டால் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாங்கள் இருப்பது ஹட்டனுக்குக் கிட்ட டிக்கோயாப் பக்கம், பழைய லயம் (தோட்டத்து வரிசை வீடு), தகரக் கூரை. டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை மூன்று மணிக்குக் கூரைத் தகரத்தின் உட்பக்கத்திலேயே நீர் முத்து முத்தாக நிற்கும். கடையில் வாங்கிய பொலியெஸ்டர் போர்வை ஒன்றும் வீட்டில் இருக்கிறது. அதைப் போர்த்தினால் முதலில் சூடாகத்தான் இருக்கும். பனி இறங்க இறங்க உடம்பில் ஒட்டினாற்போல் ஈரமாகத் தெரியும். இந்தப் போர்வைக்குள் அந்த நசநசப்பு ஒருநாளும் வந்ததில்லை. ஆட்டுமுடி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், தொட்டால் நனைந்ததாகவே தெரியாது. ஈரத்தை வாங்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளியே விடும். பொலியெஸ்டர் தன் எடையில் நூறில் ஒரு பங்கு ஈரத்தைக்கூட வாங்காது. மலை மழையில் அம்மாயி நாள் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு நின்றது எப்படி என்று இதைப் போர்த்திய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

எதிர்பார்க்காத இன்னொரு சந்தோஷம் முடிச்சு. கம்பளியோடு சேர்த்தால் என் கால் மெஷினின் பாதம் ஏறவில்லை. மேல்துணியை மட்டும் மெஷினில் மூட்டிவிட்டு, மூன்று அடுக்கையும் கையால் முடிச்சுப் போட்டே பிடித்தேன். ஒரு சதுரம் விட்டு ஒரு சதுரத்தில் ஒரு முடிச்சு. பாதிக்குச் சாதாரண நூல், நூல் தீர்ந்துபோன பிறகு மீதிக்குப் பிள்ளையின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து எடுத்த கம்பளி நூல். சாதாரண நூல் முடிச்சில் பாதி இரண்டு வருடத்தில் அவிழ்ந்துவிட்டது. கம்பளி நூல் முடிச்சு கழுவக் கழுவ இறுகி, பஞ்சு மாதிரி ஒன்றாகச் சேர்ந்து, இன்று கத்தரிக்கோல் இல்லாமல் பிரிக்க முடியாது. அந்த ஸ்வெட்டரைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததற்கு நான் சந்தோஷப்படாத வருடம் இல்லை.

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

இதைக் கழுவுவது என்றால் வீட்டில் எல்லோருக்கும் பயம். காய்ந்திருக்கும்போது நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நனைந்தால் பீலிக்கரையிலிருந்து (தண்ணீர்க் குழாயடி) தூக்க இரண்டு பேர் வேண்டும். கம்பளியை முறுக்கிப் பிழியவும் கூடாது, வடிவம் போய்விடும். கல்லில் மடித்து வைத்து மிதித்துத்தான் தண்ணீரை எடுக்க வேண்டும். அப்படியும் உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே வர மனசில்லாமல் இருக்கும். ராத்திரியில் நம்மைக் காப்பாற்றுகிற அதே குணம்தான் இது. வாங்கிய ஈரத்தை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. எனக்கு அது புரிகிறது, புரிந்தும் எரிச்சல் குறையவில்லை. இந்த முறை நான் ஆசைப்பட்டுக் கழுவவும் இல்லை. தகரத்தில் ஆணி இருந்த இடம் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, இரவெல்லாம் போர்வையில் சொட்டி, துருக்கறையும் புகைக்கரியுமாக இறங்கிவிட்டது. கழுவாமல் வைக்க முடியவில்லை. முதல் மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து வைத்து ஒரு மூலை பூசணம் பிடித்ததால், இப்போது முழுதாகக் காயும்வரை மடிப்பதே இல்லை.

நாத்தனாரிடம் இதைச் சொன்னால் அவளுக்கு விளங்கவில்லை. "ஒரு நாள் வெயிலில் போட்டா காயாதா அண்ணி?" என்றாள். அவள் ஊரில் காயும். ஹட்டனும் பண்டாரவளையும் ஏறக்குறைய ஒரே உயரம், இரண்டும் 1,200 மீற்றருக்கு மேல். ஆனால் மழை இரண்டு பக்கத்துக்கும் இரண்டு விதம். மேயிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று கொண்டுவரும் மழையை எங்கள் பக்கத்து மலைகள் வாங்கிக்கொள்கின்றன. மழையை இங்கே இறக்கிவிட்டு, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் போய் இறங்கும் காற்று காய்ந்த காற்று. எங்களுக்குச் சூரியன் தெரியாத ஜூலையில் அவள் வாசலில் துணி பறக்கும். அவர்களுக்கு மழை கொட்டுவது ஒக்டோபருக்குப் பிறகு. ஜூலை, ஆகஸ்டில் கழுவினால் அங்கே இந்தப் போர்வை ஒரு நாளில், மிஞ்சினால் இரண்டு நாளில் காய்ந்துவிடும். நியாயமாகப் பார்த்தால் அவளுக்கு இது பொருந்தும்.

போன மாசம் இதைப் பழுது பார்த்தேன். அதில் தெரிந்த இரண்டு விஷயங்களையும் சொல்ல வேண்டும்.

முதலாவது சாயம். அன்று தைக்கும்போது, பழுப்பேறிய சீருடைத் துணியை வெள்ளையாகவே வைக்கப் பிடிக்காமல், தேயிலைத்தூளைக் கொதிக்க வைத்த தண்ணீரில் ஊறப்போட்டேன். பருத்தி அதிகமாக இருந்த துண்டுகள் நல்ல மண் நிறத்தைப் பிடித்தன. பொலியெஸ்டர் கலந்தவை வெளிறிய நிறத்தோடு நின்றுவிட்டன. கொஞ்சத் துண்டுகளுக்கு அதே சாயத் தண்ணீரில் துருப்பிடித்த ஆணிகளை ஒரு கைப்பிடி போட்டேன். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் சாம்பல் கலந்த கறுப்பு வரும். மிக அழகான நிறம். பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்டது அந்தத் துண்டுகளைப் பற்றித்தான். ஆறு வருடத்தில் முதலில் இற்றுப்போனதும் அவைதான். இழுக்காமலேயே நடுவில் கோடு கோடாக வெடித்திருந்தன. பக்கத்தில் இருந்த, ஆணி போடாத தேயிலைச் சாயத் துண்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரும்பு துணியின் நாரைத் தின்றுவிடுகிறது. பழைய காலத்துப் போர்வைகளிலும் இரும்பு சேர்த்த கறுப்பும் பழுப்பும்தான் முதலில் உதிர்கின்றன. நான் ஆணியை அளவில்லாமல் போட்டதும் காரணமாக இருக்கலாம். 14 துண்டுகளை மாற்றினேன், டெனிம் வைத்து. டெனிம் மூட்டு ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் 16ஆம் நம்பர் ஊசி இரண்டு உடைந்தது, 18 போட்ட பிறகு சரியாகப் போனது. மூட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கிவிட்டு, மெஷின் பாதத்துக்குப் பின்னால் மடித்த துணி ஒன்றை முட்டுக்கொடுத்தால் ஊசி சாயாமல் ஏறும்.

இரண்டாவது, ஒரு பக்க ஓரத்தைப் பிரித்தபோது உள்ளே பார்த்தேன். கம்பளி இரண்டு அங்குலத்துக்கு மேல் சுருங்கியிருந்தது. மேல்துணி அளவு மாறாததால்தான் போர்வை வரவர அலை அலையாக மடிந்து கிடந்திருக்கிறது. நான் அதுவரை மெஷின் தையலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பளியை வைப்பதற்கு முன் ஒருமுறை கழுவிச் சுருங்க விட்டிருந்தால் இது வந்திருக்காது. அதைச் செய்யாமல் விட்டது என் தவறு. அந்தச் சுருக்கத்தை இனி எடுக்க வழியில்லை.

மகனுக்குச் சின்னதாக இன்னொன்று தைத்தபோது இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டேன். துண்டுத்துணியைத் தலையணை உறை மாதிரித் தைத்து, ஒரு பக்கம் பட்டன். உள்ளே வைக்கும் பழைய கம்பளியை முதலில் கழுவிக் காயவைத்தேன். உறையின் நான்கு மூலையிலும் உள்பக்கம் நாடா வைத்து, கம்பளியின் மூலைகளை அதில் கட்டினேன். கழுவ வேண்டும் என்றால் உறையை மட்டும் கழட்டினால் போதும், அடைமழையிலும் அடுத்த நாள் காய்ந்துவிடும். கம்பளியை வெயில் கிடைக்கிற அன்று வேலியில் போட்டு உதறி எடுத்தால் சரி. புத்தியோடு யோசித்தால் செய்ய வேண்டியது இதுதான். ஆனால் உடம்போடு அணைந்து கிடக்கும் சுகம் இதில் குறைவு. முடிச்சுப் போட்ட போர்வை தோளைச் சுற்றி நிற்கும், இது வழுக்கும்.

கம்பளியே கிடைக்காதவர்கள் பழைய பருத்திச் சேலைகளை நான்கைந்து அடுக்காக விரித்து, நெருக்கமாக ஓட்டுத்தையல் போடலாம். வங்காளத்தில் காந்தா என்று அதற்குப் பெயரே இருக்கிறது. எங்கள் லயத்தில் பிள்ளை பிறந்த வீட்டில் எல்லாம் பெயர் இல்லாமலே அதைச் செய்தார்கள். சூடு பாதிதான். ஆனால் மெல்லியது, சீக்கிரம் காயும், ஒருவர் தூக்கலாம்.

இவ்வளவையும் எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால், பண்டாரவளைக்காரிக்குக் கம்பளி வை என்று சொல்ல வேண்டிய நியாயம்தான் அதிகம் இருக்கிறது. சூட்டுக்கு ஈடு இல்லை, முடிச்சு அசையவில்லை, அவள் ஊரில் காயும். இருந்தாலும் என் பதில் மாறவில்லை. கம்பளியை உள்ளே வைத்து மூடித் தைக்காதே. காயாத போர்வையை ஐந்து நாள் தலைக்கு மேலே தொங்கவிட்டு, அதன் கீழ் குனிந்து குனிந்து சமைக்கிற வேலை என்னோடு போகட்டும்.

பழுது பார்த்தபோது ஓரம் முழுக்கத் திறந்துதான் இருந்தது. கம்பளியை வெளியே எடுத்து உறைப் போர்வையாக மாற்ற அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கழுத்துப் பக்கம் கூடைக் கயிறு பட்டுப் பட்டுத் தேய்ந்த கோடு அந்தக் கம்பளியில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அதை அப்படியே வைத்து, கம்பளி நூலால் புது முடிச்சுகள் போட்டு, ஓரத்தை மூடித் தைத்துவிட்டேன்.

நாத்தனாருக்குத் துண்டுகள் ஒரு உரப்பை நிறையக் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் வீட்டுக்காரர் ரயிலில் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒவ்வொரு துண்டையும் தீக்குச்சியில் பார்த்துப் பருத்தியை வேறாகவும் கலப்பை வேறாகவும் பிரித்திருக்கிறேன். ஆணிச் சாயம் போட்டது ஒன்றுகூட அதில் இல்லை. உறைக்குப் பட்டன் பன்னிரண்டும் மூலைக்கு நாடாவும் உள்ளே இருக்கின்றன.