ஐந்து மார்கழிகள் கண்ட பூச்செடிகள்: ஓர் ஏற்காட்டுத் தோட்ட அனுபவம்

ஏற்காட்டில் எங்கள் வீட்டைச் சுற்றிப் பல்லாண்டு வாழும் பூச்செடிகளை வளர்க்கத் தொடங்கி ஐந்து குளிர்காலங்கள் கடந்துவிட்டன. பாத்தியில் ஹைட்ரேஞ்சியா, அகபாந்தஸ், சாமந்தி. தொட்டிகளில் ஜெரேனியம், டேலியா. தொடக்கத்தில், குளிர்நாடுகளுக்கென எழுதப்பட்ட குறிப்புகளை அப்படியே பின்பற்றினேன். தரையில் உள்ள வேர் பிழைத்துக்கொள்ளும். தொட்டியில் உள்ள வேரை நாற்புறமும் குளிர் தாக்கி உறையவைக்கும். ஆகவே தொட்டியைச் சாக்கால் சுற்ற வேண்டும் என்று அவை சொல்கின்றன. முதலாண்டு ஐப்பசியில் நானும் எல்லாத் தொட்டிகளுக்கும் சாக்கு சுற்றினேன். தை பிறப்பதற்குள் பதினொரு ஜெரேனியங்களில் எட்டு அழுகிப் போயின.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் மண் உறைவதே இல்லை. எங்கள் திண்ணையில் மாட்டியிருக்கும் வெப்பமானி, மார்கழி விடியற்காலையிலும் 11 டிகிரிக்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. வடகிழக்குப் பருவமழை தொட்டியை நனைத்துவிட்டுப் போகிறது. அதன்பின் நாள்கணக்கில் மூடுபனி கவிந்திருப்பதால் இலை காய வழியில்லாமல் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கிறது. இந்த நிலையில் சாக்கு சுற்றியது ஈரத்தைக் கட்டிக் காத்ததற்கே சமம்.

இரண்டாம் ஆண்டு சாக்கையும் தொட்டியின் அடித்தட்டையும் நீக்கிவிட்டு, ஒவ்வொரு தொட்டியையும் இரண்டு செங்கற்களின் மேல் தூக்கி, மழை படாத தாழ்வாரத்துக்கு மாற்றினேன். நாற்றங்காலிலிருந்து வரும் செடிகள் பெரும்பாலும் தென்னை நார்க் கழிவிலேயே வருகின்றன. கோடையில் உதவும் அதே பொருள் மழைக்காலத்தில் வேரைச் சேறாக்கிவிடுகிறது. அதை உதிர்த்துவிட்டுச் செம்மண், மணல், இலை மக்கு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பினேன். விரலை உள்ளே விட்டுப் பார்த்து, இரண்டு அங்குலம் வரை காய்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர். அதற்குப் பிறகு இன்றுவரை இரண்டு ஜெரேனியங்களைத்தான் இழந்திருக்கிறேன். குளிர்நாட்டில் ஆபத்தாகக் கருதப்படும் தொட்டி, தூக்கி நகர்த்த முடிகிற ஒரே காரணத்தால் இங்கே பாத்தியைவிடப் பாதுகாப்பானது என்பது என் அனுபவம். பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, சில்வர் ஓக் சருகால் மூடாக்குப் போடுகிறேன். தண்டைச் சுற்றி நான்கு விரற்கடை விட்டுவிடுவேன். சருகு நத்தைக்கும் பிடித்த இடம் என்பதால் இரவில் கைவிளக்கோடு ஒரு சுற்று வர வேண்டியிருக்கிறது.

ஹைட்ரேஞ்சியாவில் நான் செய்த பிழை வேறு. ரோஜாவுக்குக் கவாத்து செய்த கையோடு மார்கழியில் அதையும் வெட்டிவிட்டேன்; மே மாதத்தில் இலை மட்டுமே மிஞ்சியது. ரோஜா புதுத் துளிரில் பூக்கும். பெரிய இலை ஹைட்ரேஞ்சியாவோ அடுத்த பருவத்து மொட்டைப் பழைய தண்டின் நுனியிலேயே சுமந்திருக்கும். இப்போது பூ வாடியதும் அதற்குக் கீழுள்ள முதல் இணை மொட்டுக்குச் சற்று மேலே கிள்ளுவதோடு சரி. இந்த மலை, அலுமினியத் தாதுவான பாக்சைட் கிடைக்கும் மலை. அமிலத்தன்மையுள்ள மண்ணில் அலுமினியம் வேருக்கு எளிதில் எட்டுவதால் பூ நல்ல நீலமாக வருகிறது. இதே செடியின் பதியனைச் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் தங்கைக்குக் கொடுத்தேன். அங்கே ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் குடித்து இளஞ்சிவப்பாகப் பூத்தது. வேறு செடியைக் கொடுத்துவிட்டேன் என்று அவள் இன்னமும் நம்புகிறாள்.

அகபாந்தஸுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. சாமந்தியைப் பூ முடிந்ததும் தரையோடு ஒட்ட வெட்டிவிட்டு, மாசியில் பக்கக் கன்றுகளைப் பிரித்து நடுகிறேன். “எந்தக் குளிரையும் தாங்கும்” என்ற விளம்பரத்தை நம்பி இணையத்தில் வாங்கிய பியோனிக் கிழங்கு மட்டும் வீண். அது குளிரைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் பூப்பதற்கு வாரக்கணக்கில் உறைநிலையை ஒட்டிய குளிர் வேண்டும் என்பதை விற்றவர் சொல்லவில்லை.

டேலியாவின் தழை மஞ்சளானதும் கிழங்கைத் தோண்டி, நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வைக்கிறேன். முளைக்கண் பழைய தண்டின் கழுத்தில்தான் இருப்பதால், கழுத்து ஒடிந்த கிழங்கை வைத்திருந்து பயனில்லை. சென்ற ஆண்டு அட்டைப் பெட்டியை எலி கண்டுபிடித்துவிட்டது. இந்த ஆண்டு மூடியில் துளையிட்ட தகர டின்னில் வைத்திருக்கிறேன்.