முதுகில் 60 நாள் இரண்டு கம்பி: ஒன்றரை வருடம் கழித்து எழுதுகிறேன்

மெல்லிய கம்பியைத் தோலுக்கு அடியில் செருகி, நரம்பை மின்சாரத்தால் தூண்டி வலியைக் குறைக்கும் தற்காலிக நரம்புத் தூண்டல் கருவியைப் பற்றி எழுதுபவர்களில் பாதிப் பேர் கம்பி உள்ளே இருக்கும்போதே எழுதிவிடுகிறார்கள். மீதிப் பேர் கம்பியை எடுத்த மறுவாரம் எழுதுகிறார்கள். இரண்டுமே அவசரம் என்று எனக்குப் படுகிறது. இந்தச் சிகிச்சைக்கு உண்மையான பரீட்சையே கம்பி வெளியே வந்த பிறகுதான். அதனால் பொறுத்திருந்து எழுதுகிறேன்.

ஒரு பீரோவைத் தனியாக நகர்த்தப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டவன் நான். அது நடந்து 6 வருடம் கழித்தும் வலி போகவில்லை. காலுக்கு இறங்கும் வலி கிடையாது. இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கல்லை வைத்துக் கட்டியது போல் இருக்கும். மாத்திரை, பிசியோதெரபி, பெல்ட், இரண்டு முறை ஸ்டீராய்டு ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. ஊசி ஒவ்வொன்றும் மூன்று வாரம் தாங்கியது, அவ்வளவுதான். வலிக்கு மார்க் போடச் சொன்னால் பத்துக்கு ஏழு என்பேன். ஆனால் அந்த எண்ணை நானே நம்பவில்லை. தூங்கி எழுந்த நாளில் ஐந்து, அலுவலகத்தில் யாரோடாவது மல்லுக்கு நின்ற நாளில் ஒன்பது. அதனால் ஒரு நோட்டுப் போட்டு வேறு ஒரு கணக்கு வைத்தேன்: நாற்காலியில் உட்கார்ந்தால் எத்தனை நிமிடத்தில் எழுந்தே ஆகவேண்டும் என்று தோன்றுகிறது? சிகிச்சைக்கு முந்தைய இரண்டு வாரச் சராசரி 20 நிமிடம். இந்தப் பகிர்வு முழுக்க அந்த நிமிடக் கணக்கை வைத்துத்தான்.

வலி நிவாரண மருத்துவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, வலியைக் கொண்டுபோகும் சிறு நரம்பை ரேடியோ அலை வெப்பத்தால் கருக்குவது. நரம்பு திரும்ப வளரும்போது வலியும் திரும்பலாம், மறுபடி கருக்க வேண்டியிருக்கும். தவிர, முதுகெலும்பை ஒட்டியுள்ள மல்டிஃபிடஸ் என்ற தசைக்கு உயிர் கொடுப்பதும் அதே நரம்புதான். இரண்டாவது வழி, அந்த நரம்பைக் கருக்காமல் 60 நாள் தூண்டுவது. பிடிக்கவில்லை என்றால் நடுவிலேயே எடுத்துவிடலாம். எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் போதுமானதாக இருந்தது.

மின்சாரத்தால் வலியை அடக்குவது ஒன்றும் புதிய யோசனை இல்லை. வலி அல்லாத தொடு உணர்வு தண்டுவடத்தில் வலியின் கதவைச் சாத்தும் என்ற கோட்பாட்டை உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக்கும் நரம்பியல் ஆய்வாளர் பேட்ரிக் வாலும் 1965இல் வெளியிட்டார்கள். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தேய்த்துவிடுவதும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். அப்புறம் 1967இல் அதே பேட்ரிக் வாலும் நரம்பு அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்வீட்டும் தங்கள் சொந்த முகத்தில், கண்ணுக்குக் கீழே உள்ள நரம்பில் ஊசியைச் செருகி மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்கள். நோயாளிக்குச் செய்வதற்கு முன் தன் மேல் குத்திப் பார்த்தவர்கள் என்பதால் எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை.

தோலில் பேடு ஒட்டி மின்சாரம் கொடுக்கும் டென்ஸ் (TENS) கருவியும் இதே வம்சம்தான், அது என்னிடமே இருந்தது. ஆனால் அது தோலுக்கு மேலிருந்து வேலை செய்வது. ஆன் செய்திருக்கும்வரை ஓரளவு சுகம், அணைத்தால் பழையபடி. இந்த 60 நாள் முறையில் கம்பி தோலுக்கு அடியில், நரம்புக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறது. பக்கத்தில்தான், நரம்பைத் தொடுவதில்லை. அரை சென்டிமீட்டரிலிருந்து 3 சென்டிமீட்டர் வரை தள்ளி இருந்தாலும் போதும் என்கிறார்கள். என் போன்ற முதுகுக்காரர்களுக்குத் துடிப்பின் வேகம் விநாடிக்கு 12. இந்த வேகத்தில் தசை மெல்லச் சுருங்கி விரியும். மூட்டு வலிக்கும் கால் இழந்தவர்களின் வலிக்கும் விநாடிக்கு 100 வரை போவார்கள். அங்கே தசை துடிக்காது, இனிய மரமரப்பு மட்டும் பரவும். பல வருடம் வலியால் சோம்பிப்போன தசையைச் சுருங்க வைத்தால், அதிலிருந்து மூளைக்கு நல்ல செய்தியாகப் போய்க்கொண்டிருக்கும், வலியையே எதிர்பார்த்துப் பழகிய மூளை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வரும் என்பது இதன் பின்னாலுள்ள கருதுகோள். கருவியை எடுத்த பிறகும் பலன் நிற்கும் என்று அவர்கள் சொல்வதற்கு இதுதான் அடிப்படை.

கம்பி போட்ட நாள் பயந்த அளவுக்கு இல்லை. குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கினார்கள். மயக்கம் கொடுக்க மாட்டார்கள், ஏனென்றால் நாம் பதில் சொல்ல வேண்டும். "எங்க துடிக்குது? கால்ல ஏதாவது தெரியுதா?" என்று மருத்துவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் முறை துடிப்பு இடுப்பு எலும்புப் பக்கம் போனது, ஊசியைச் சற்று நகர்த்தினார். அப்போது வலி வழக்கமாக உட்காரும் அதே உள்ளங்கை இடத்தில், உள்ளேயிருந்து யாரோ விரல் நுனியால் தட்டுவது போல் இருந்தது. "அங்கதான் சார்" என்று கத்தியே விட்டேன். இந்தக் கட்டத்தில் கூச்சப்பட்டு "சரிதான்" என்று தலையாட்டாதீர்கள். சரியான இடத்தில் துடிக்கிறதா என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது.

அந்தக் கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கம்பி என்று சொல்வதே அதிகம். முடிபோன்ற இழைகளைச் சேர்த்து ஸ்பிரிங் மாதிரி சுருட்டியிருக்கிறார்கள், நுனியில் ஒரு சின்னக் கொக்கி. ஸ்பிரிங்காக இருப்பதால் உடம்பு அசையும்போது நீண்டு சுருங்கிக் கொடுக்கும். சுருள்களின் இடைவெளியில் சதை வளர்ந்து, கம்பி நுழைந்த துவாரத்தை அடைப்பதால் கிருமித் தொற்றும் குறைவு. இந்த நல்ல குணமே எடுக்கும்போது என்னிடம் விளையாடியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி தினசரி வாழ்க்கை. இந்தக் கருவியைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லாத பகுதி இது.

கம்பி வெளியே வந்து, விலாவில் பேடு வைத்து ஒட்டிய சின்னப் பெட்டியில் இணையும். தீப்பெட்டியை விடப் பெரியது, கைப்பேசியை விடச் சிறியது. ரிமோட்டில் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு நாளைக்கு 6 முதல் 12 மணி நேரம் ஓட வேண்டும். எனக்குச் சராசரியாக 9 மணி நேரம் ஓடியது. வண்டி ஓட்டும்போது அணைத்துவிட வேண்டும். நீச்சலும் தொட்டிக் குளியலும் கூடாது. பெட்டியைக் கழற்றி, டிரெஸ்ஸிங்கை மூடிக்கொண்டு குளிக்கலாம் என்றார்கள். நான் பயந்துகொண்டு பாதி நாள் ஈரத்துணியால் துடைத்ததோடு சரி.

கம்பி இருக்கும் இடம் என் கைக்கு எட்டாது. வாரம் ஒரு முறை டிரெஸ்ஸிங் மாற்றுவதும், தினமும் துவாரத்தைச் சுற்றிச் சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பதும் என் மனைவியின் வேலையாயிற்று. "அசையாம இருங்க, மூச்சையும் கொஞ்சம் நிறுத்துங்க" என்று முதல் வாரம் எனக்குப் பதிலாக அவர் நடுங்கினார். முதுகில் போட்டுக்கொள்ள நினைப்பவர்கள், வீட்டில் இதைப் பொறுமையாகச் செய்ய ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாக வசிப்பவர்களுக்கு இது பெரிய சிக்கல்.

அரிப்பு ஐந்தாம் நாள் தொடங்கியது. கம்பியில் இல்லை, பேடு ஒட்டும் பசையில். சதுரமாக, ஸ்கேல் வைத்து வரைந்தது போல் சிவப்புத் தடிப்பு. பேடை ஒவ்வொரு நாளும் இரண்டு விரல்கடை தள்ளி ஒட்டி, பழைய இடத்துக்கு ஓய்வு கொடுத்ததும் அடங்கியது. ஒன்பதாம் நாள் நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் கம்பி மாட்டிச் சுண்டி இழுத்துவிட்டது. இடப்பக்கம் துடிப்பு பாதியாகக் குறைந்தது. மருத்துவமனைக்கு ஓடினேன். கம்பி வெளியே வரவில்லை, சற்று இடம் மாறியிருக்கலாம் என்று அளவைக் கூட்டிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து கம்பியை ஒரு வளையம் விட்டு டேப்பால் ஒட்டிக்கொண்டேன். இழுபட்டால் முதலில் வளையம்தான் நிமிரும், உள்ளே இருப்பது தப்பிக்கும்.

பலன்? மூன்று வாரம் வரை ஒன்றுமில்லை. நோட்டைப் புரட்டினால் 20, 25, 20, 15, 25. இருபதாம் நாள் "எடுத்துவிடச் சொல்லலாமா" என்று எழுதியிருக்கிறேன். இருபத்துநாலாம் நாள் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவன், முடிந்து எல்லோரும் எழுந்தபோதுதான் கவனித்தேன்: 50 நிமிடம் ஆகியிருந்தது, நான் ஒரு முறைகூட எழவில்லை. வலி குறைந்ததை உணரவில்லை, வலியை மறந்திருந்ததைத்தான் உணர்ந்தேன். அதற்குப் பிறகு நிமிடங்கள் ஏறின. ஐம்பத்தெட்டாம் நாள் ஒன்றரை மணி நேரம். மார்க் போட்டால் மூன்று.

60ஆம் நாள் கம்பியை எடுத்தார்கள். ஊசி கிடையாது, நிதானமாக ஒரே சீராக இழுக்கிறார்கள். உள்ளே வளர்ந்த சதை விடும்போது ஒரு கூசல் இருக்கும், வலி என்று சொல்ல முடியாது. வலப்பக்கக் கம்பி நுனியோடு முழுசாக வந்தது. இடப்பக்கம் வரும்போது மெல்லிய "டிக்". மருத்துவர் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கடைசித் துண்டு உள்ள நின்னுடுச்சு" என்றார். சதை பிடித்திருக்கும் ஸ்பிரிங் இழுக்கும்போது சில சமயம் அறுபடும். இப்படி ஆகலாம் என்று கையெழுத்து வாங்கிய தாளில் இருந்தது, நான்தான் வேகமாகப் புரட்டியிருக்கிறேன். தோண்டி எடுப்பதுதான் தொல்லை, அப்படியே விடலாம், ஆனால் எம்ஆர்ஐ எடுக்கும் முன் கட்டாயம் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். ஒன்றரை வருடமாக அது தொந்தரவு செய்யவில்லை. ஆனாலும் முன்கூட்டியே நிதானமாகப் படித்திருந்தால் அன்று இரவு தூங்கியிருப்பேன்.

கம்பி போன முதல் வாரம் விசித்திரமாக இருந்தது. பெட்டி இல்லாமலே முதுகு துடிப்பது போல் ஒரு பிரமை. இப்போது வலி திரும்பிவிடும், இப்போது திரும்பிவிடும் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. ஏழாம் மாதம் ஒரு நீண்ட பயணத்துக்குப் பிறகு இரண்டு வாரம் பழைய கல் வந்து உட்கார்ந்தது, பிறகு தானாக இறங்கியது. இன்றைய கணக்கு: உட்காருவது சுமார் ஒரு மணி நேரம், மார்க் நான்கு, வலி மாத்திரை மாதத்துக்கு இரண்டு மூன்று. நடுவில் பிசியோ கொடுத்த பயிற்சிகளையும் விடாமல் செய்தேன். எவ்வளவு கம்பியால், எவ்வளவு பயிற்சியால் என்று பிரிக்க முடியாது. ஆனால் முந்தைய வருடங்களில் அதே பயிற்சிகளை ஐந்து நிமிடம்கூடச் செய்ய முடிந்ததில்லை.

எல்லோருக்கும் இது பலிக்கும் என்று நினைக்க வேண்டாம். கால் இழந்தவர்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், முதல் நான்கு வாரத்தில் வலி பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தது 58 சதவீதத்தினருக்கு. பொய்த் தூண்டல் (கம்பி இருக்கும், மின்சாரம் ஓடாது) பெற்றவர்களில் அது 14 சதவீதம். வித்தியாசம் பெரிதுதான், ஆனால் மொத்தம் 28 பேர். 58 சதவீதம் என்றால் மீதி 42 சதவீதம் என்றும் அர்த்தம். பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் உள்ளவர்களுக்குப் பொதுவாக இது ஒத்துவராது. பசை அலர்ஜி, ரத்தம் உறையும் கோளாறு எதுவானாலும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

மறுபடி தேவைப்பட்டால் போடுவீர்களா என்று கேட்கிறார்கள். போடுவேன். மனைவியிடம் கேட்டதற்கு, "டிரெஸ்ஸிங்குக்கு நர்ஸ் வெச்சுக்கோங்க" என்றார்.

போன மாதம் முழங்காலுக்கு எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார்கள். படிவத்தில் "உடலில் உலோகம் உண்டா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று எழுதி, மருத்துவர் கொடுத்த தாளையும் நீட்டினேன். ஸ்கேன் அறைப் பையன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "எவ்வளவு பெருசு சார்?" என்றான். கட்டைவிரல் நகத்தையும் ஆள்காட்டி விரல் நகத்தையும் ஏறக்குறைய ஒட்டிக் காட்டினேன். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனான். வெளி பெஞ்சில் 40 நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.