ஸ்டிக்கருக்கு அடியில் 100 வோல்ட்: ரிசீவர் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஹோம் தியேட்டர் ரிசீவர், அதாவது படத்தின் ஒலியைப் பிரித்துப் பெருக்கிப் பல ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி, வாங்க நினைப்பவர்கள் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். மின்வயர் உள்ளே நுழையும் இடத்துக்கு அருகில் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அங்கே 230 என்றோ 220–240 என்றோ இல்லாவிட்டால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அந்த இடத்தை எதையாவது ஒட்டி மறைத்திருந்தாலும் வந்துவிடுங்கள். எங்கள் தோட்டத்துச் சனங்களின் 142,000 ரூபாய் அப்படி மறைத்த ஒரு ஸ்டிக்கருக்கு அடியில்தான் போயிற்று.

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது எங்கள் சனசமூக நிலையம். கட்டாருக்கு வேலைக்குப் போன எங்கள் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப் பையன் ஒருவன் 55 அங்குலத் தொலைக்காட்சி வாங்கிக் கொடுத்திருந்தான். ஆனால் ஐப்பசி மழை தகரக் கூரையில் விழத் தொடங்கிவிட்டால் முன்வரிசைக்கு அப்பால் ஒரு சொல்லும் கேட்காது. திருவிழாவுக்குக் கட்டும் பெரிய ஸ்பீக்கர் இரண்டை இணைத்துப் பார்த்தோம். சத்தம் வந்தது, பேச்சு புரியவில்லை. ஐந்து ஸ்பீக்கருக்கும், தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் ஒன்றுக்கும் தனித்தனியாகப் பதிந்த படத்தின் 5.1 ஒலித்தடத்தில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வருகிறது. அதைப் பிரித்து எடுத்து, அதை மட்டும் கூட்டி வைக்க ஒரு ரிசீவர் வேண்டும். ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் ஹட்டனில் ஒருவரிடம் நல்ல நிலையில் பழையதாகக் கிடைத்தன. ரிசீவரைத்தான் புதிதாக வாங்க முடிவு செய்தோம்.

தீபாவளி முற்பணம் கைக்கு வந்த வாரத்தில் லயம் லயமாகப் போய்ப் பணம் சேர்த்தோம். அப்போது நாட்சம்பளம் 1,350 ரூபாய். 142,000 ரூபாய் என்பது ஒரு பெண் நூற்றைந்து நாள் மலையேறிக் கொழுந்து பறிக்கும் கூலி. இந்தக் கணக்கு என்னை விடமாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

யமஹாவின் ஆர்எக்ஸ்-வி385, அதே தரத்தில் டெனன் நிறுவனத்தின் ஒரு ரிசீவர் என்று இரண்டைக் குறித்துக்கொண்டு நானும் நிலையத்தின் செயலாளரும் அதிகாலை பஸ்ஸில் புறப்பட்டோம். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டி. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது.

கடையில் இருந்தவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். நாங்கள் கேட்ட யமஹா கண்ணாடிக்குள் இருந்தது. அதைக் காட்டியபடியே இன்னொரு பெட்டியை மேசையில் வைத்தார். "சேர், அது எழுபது வாட். இது நூற்று முப்பது வாட். விலையும் குறைவு. ஜப்பான்காரன் தன் நாட்டுக்குள் விற்பதற்காகச் செய்தது இது, நமக்கு ஏற்றுமதி செய்வதெல்லாம் இரண்டாந்தரம்" என்றார். ஜப்பான் சாமான் என்றால் நம் ஆட்களுக்கு ஒரு மதிப்பு உண்டு. அதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

அந்த எழுபதையும் நூற்று முப்பதையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலரும் ஏமாறும் இடம் இதுதான். வாட் கணக்கை எப்படி அளந்தார்கள் என்பதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பதில் பயன் இல்லை. இரண்டு சேனல்களை (ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் ஒலிவழி ஒரு சேனல்) ஒன்றாக இயக்கி, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை முழு ஒலி வீச்சிலும், சிதைவு 0.1 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும்போது அளப்பது ஒரு முறை. ஒரே ஒரு சேனலை மட்டும் இயக்கி, ஒரு கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே சுருதியில், ஒலி 10 சதவீதம் சிதைந்து கரகரக்கும் வரை முறுக்கி அளப்பது இன்னொரு முறை. வீட்டுக்கு வந்தபின் யமஹாவின் விவரத்தாளை எடுத்துப் பார்த்தேன். முதல் முறையில் 70 வாட் என்று இருக்கும் அதே வி385க்கு இரண்டாவது முறையில் 135 வாட் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். அதாவது கடைக்காரர் ஒன்றைப் படியாலும் மற்றதைக் கொத்தாலும் அளந்து காட்டினார். ஒரே அளவையில் வைத்திருந்தால் யமஹாதான் ஐந்து வாட் கூட.

அந்த வித்தியாசம் உண்மையாகவே இருந்தாலும் பெரிதல்ல. வாட் இரட்டிப்பானால் ஒலி மூன்று டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். எழுபதுக்காக ஒன்றைத் தள்ளி நூற்று முப்பதுக்காக இன்னொன்றை எடுப்பதற்குக் காரணமே இல்லை.

போட்டுக் காட்டினார்கள். யமஹாவை இரண்டு சிறிய ஸ்பீக்கரிலும், தாங்கள் விற்க விரும்பியதை ஆளுயர ஸ்பீக்கரிலும் இணைத்திருந்தார்கள். பின்னதன் ஒலியளவும் கூடுதல். கொஞ்சம் உரக்கக் கேட்பது எதுவானாலும் நமக்கு நல்லதாகத்தான் தோன்றும். இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில், ஒரே அளவு சத்தத்தில் போடச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த ஒப்பீட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

நாங்கள் அவர் காட்டிய ஜப்பான் பெட்டியையே எடுத்தோம். பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். "உங்கள் பக்கம் கரண்ட் ஏறி இறங்கும், சேர். இந்த ஸ்டெபிலைசரை இலவசமாகத் தருகிறோம். இதில் மட்டும் செருகுங்கள், நேரே சுவரில் செருக வேண்டாம்" என்றார். தோட்டத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்குவது உண்மைதான் என்பதால் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டோம். ரிசீவரின் பிளக்கில் தட்டையான இரண்டு தகடுகள் இருந்தன. அவை அந்தப் பெட்டியில் சரியாகப் பொருந்தின. பின்புறத்தில் கடையின் உத்தரவாத ஸ்டிக்கர் அகலமாக ஒட்டியிருந்தது. ஒரு வருட உத்தரவாதம் என்றும், ஸ்டிக்கர் கிழிந்தால் அது செல்லாது என்றும் அதில் எழுதியிருந்தது. உத்தரவாதம் போய்விடுமோ என்ற பயத்தில் நாங்கள் அதைத் தொடவே இல்லை.

தோட்டத்துக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது, ஸ்பீக்கர்களை அறைக்கு ஏற்பச் சீர்செய்ய வைக்கும் சிறிய மைக்ரோஃபோன் இல்லை. தொலைக்காட்சியின் ஒலி எச்டிஎம்ஐ கேபிள் வழியாக ரிசீவருக்குத் திரும்பவும் இல்லை. தொலைபேசியில் கேட்டேன். "எச்டிஎம்ஐ இருக்கிறதுதானே, சேர்? ஒப்டிக்கல் கேபிள் ஒன்று வாங்கிப் போடுங்கள்" என்று பதில் வந்தது. ஒலியைத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி வசதி 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 தரத்தோடுதான் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்திய ரிசீவரில் எச்டிஎம்ஐ துளை இருக்கும், அந்த வசதி இருக்காது. புதியது என்று விற்ற பொருள் எவ்வளவு பழையது என்று அன்றே நான் உணர்ந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் இரவு, நல்ல மழை. பிள்ளைகளும் பெரியவர்களுமாக நாற்பது பேர் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றுதான் முதல் தடவையாகக் கடைசி வரிசை வரைக்கும் பேச்சு தெளிவாகக் கேட்டது. இடைவேளைக்குச் சற்று முன் அந்தச் சாம்பல் பெட்டி உறுமியது. அடுத்து ரிசீவருக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். மேல்மூடியின் துளைகளிலிருந்து புகை. நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். மரத்தட்டில் வைத்திருந்தோம், பின்னால் துணித்திரை. இன்னும் ஐந்து நிமிடம் யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

ஹட்டனில் பல வருடமாக ரேடியோ, டிவி திருத்தும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் செய்தது அந்த ஸ்டிக்கரை உரித்ததுதான். அடியில் ஜப்பானிய எழுத்துகள், 100 வோல்ட், மின்நுகர்வு 240 வாட், உற்பத்தி ஆண்டு 2008. சாம்பல் பெட்டியைத் திறந்தார். "தம்பி, இது ஸ்டெபிலைசர் இல்லை. 230ஐ 100 ஆக்கும் ஸ்டெப்டவுன். அதுவும் 200 வாட்டுக்கானது" என்றார். உள்ளே ஒரே சுருள் கொண்ட மலிவான டிரான்ஸ்ஃபோமர் இருந்தது. தனித்தனியாக இரண்டு சுருள் உள்ளதில் ஒன்று அறுந்தால் மின்சாரம் நின்றுவிடும். ஒரே சுருள் உள்ளதில் கீழ்ப்பகுதி அறுந்தால் 230 வோல்ட் கிட்டத்தட்ட முழுவதுமாக ரிசீவருக்குள் பாயும். எங்களுக்கு நடந்தது அதுதான். ரிசீவரைச் செய்த நிறுவனத்தின்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவர்கள் அதை ஜப்பானிய வீட்டுக்காகச் செய்தார்கள்.

கடைக்குத் திரும்பிப் போனோம். முதல் நாள் மரியாதையில் பாதிகூட இல்லை. ஸ்டிக்கர் உரிந்திருக்கிறது என்றார்கள். எரிந்த பாகங்களுக்கு உத்தரவாதம் கிடையாது என்று பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். முன்பக்கத்தில் 'ஏவி அம்ப் – 1' என்று மட்டும் கையால் எழுதியிருந்தது. மாடல் இல்லை, தொடர் இலக்கம் இல்லை, புதியதா பழையதா என்றும் இல்லை. "ஜப்பான் சாமான் என்று சொல்லித்தானே விற்றோம்?" என்றார் அதே மனிதர். ஜப்பானில் 100 வோல்ட், இங்கே 230 என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அந்த ஸ்டிக்கர் அந்த இடத்தில் ஒட்டப்பட்டது. எனக்கு ஆற்றாமையாக இருப்பது அதுதான்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கடைக்காரர் "அடுத்த வாரம் வாருங்கள்" என்று இழுத்தடிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. எரிந்த ரிசீவர், சாம்பல் பெட்டி, உரித்த ஸ்டிக்கர் மூன்றையும் அப்படியே வைத்திருக்கிறோம். பில்லில் மாடலையும் தொடர் இலக்கத்தையும் வோல்ட்டையும் எழுதி வாங்கியிருந்தால் எங்கள் கை இன்னும் பலமாக இருந்திருக்கும்.

இதைப் படிப்பவர்களில் சிலர் வீட்டிலோ கோயிலிலோ மன்றத்திலோ, தட்டையான இரு தகட்டுப் பிளக்கும் இலவசமாகத் தந்த சாம்பல் பெட்டியும் இப்போதே இருக்கலாம். இன்றைக்கே பிளக்கைக் கழற்றிவிட்டுப் பின்புறத்தைப் பாருங்கள். 100 வோல்ட் என்று இருந்தால், பக்கத்தில் எழுதியிருக்கும் மின்நுகர்வைவிடக் குறைந்தது ஒன்றரை மடங்கு தாங்கும், இரண்டு சுருள் தனித்தனியாக உள்ள டிரான்ஸ்ஃபோமரை நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு மாற்றும்வரை மறுபடி செருக வேண்டாம். ஆள் இல்லாத நேரத்தில் சுவிட்சைப் போட்டுவைக்கவும் வேண்டாம்.